கண்டவர் யார்?

பௌத்த சாதகக் கதைகளுள் முயலொன்றின் கதை உண்டு. மேலைக் கடலை அடுத்த காட்டிலே, வில்வமும் பனையும் விரவி நின்ற சோலையில், வில்வமரத்தின் அடியில் முளைத்த பனங்கன்றொன்றின் நிழலில் அம்முயல் வாழ்ந்துவந்தது. ஒருநாள் இரையுண்டு வந்து ஓலையின் கீழ்க் கிடந்தபோது, "இந்தப் பூமி இடிந்து அழியுமாயின் யான் எங்கே போவேன்?" என்றொரு நினைவு அதன் நெஞ்சில் எழுந்தது. அந்நினைவு அகலுமுன்னே, பழுத்த வில்வம்பழம் ஒன்று காம்பினின்று கழன்று பனையோலைமீது வீழ்ந்தது. ஓலைமீது காய் வீழும் ஓசை எத்தகையதென்பது பனைநாட்டாராகிய நமக்குச் சொல்லவேண்டுவதன்று. "பூமி இடிகின்றது!" என்று துணிந்த முயல் திரும்பியும் பாராது ஓடிற்று.

ஓடும் முயலை மற்றொரு முயல் கண்டு காரணம் வினவிற்று. விடை கேட்டதும் தானும் உடன் ஓடிற்று. இரண்டு நூறாயின, நூறு ஆயிரமாயின. மான்கள் கண்டன, அவையும் ஓடின. பன்றி, எருமை, காண்டாமிருகம், புலி, சிங்கம், யானை என விலங்கினம் முழுவதும் அக்கூட்டத்திற் சேர்ந்தது. முயலின் அச்சத்தை யானை தன் அச்சமாக ஏற்றுக்கொண்டு ஓடிற்று. அவ்வோட்டத்தின் முடிவில் இருந்தது கடல்.

சிறுவர் கதை என்று இதனைக் கடந்துபோதல் எளிது. ஆயின் கதை செய்தோர் அதனுள் ஒரு நுட்பத்தை வைத்துள்ளனர். பழம் வீழ்ந்ததனால் அச்சம் பிறக்கவில்லை. அச்சம் முன்னரே பிறந்திருந்தது; பழம் அதற்குச் சாட்சியாக வந்து வாய்த்தது. பூமி இடியுமோ என்று எண்ணியிராத முயல் அவ்வோசையைக் கேட்டிருப்பின், ஒருமுறை செவியை நிமிர்த்திவிட்டு மீண்டும் படுத்திருக்கும். நாடுகளை அலைக்கழித்த பேரச்சங்கள் பலவற்றின் வரலாறும் இத்தகையதே. அவற்றுள் ஒன்றைச் சற்று விரிவாக நோக்குதல் பயன்தரும்.

வதந்தியின் கணக்கு

அமெரிக்க உளநூல் அறிஞராகிய கோர்டன் ஓல்போர்ட், லியோ போஸ்ற்மன் ஆகிய இருவரும் வதந்தியின் உளவியல் பற்றி 1947இல் ஒரு நூல் வெளியிட்டனர். வதந்தியின் வலிமையை அவர்கள் ஒரு பெருக்கற் கணக்காக வகுத்தனர். சொல்லப்படும் பொருள் கேட்போருக்கு எத்துணை முதன்மையானது என்பது ஓர் எண். அப்பொருள் பற்றிய செய்தி எத்துணைத் தெளிவற்றது என்பது மற்றோர் எண். இரண்டையும் பெருக்கி வருவதே வதந்தியின் அளவு. இது கூட்டல் அன்று, பெருக்கல் என்பதை மாணாக்கர் உற்றுநோக்குக. இரண்டில் ஒன்று சுழியமாயின் விடையும் சுழியமே. உயிருக்கு அஞ்சும் மனிதனுக்கு உயிரின் முதன்மையை நம்மாற் குறைக்க இயலாது. தெளிவின்மையைக் குறைத்தல் இயலும். வதந்தியை வெல்லும் வழி அந்த ஓர் எண்ணிலேதான் உளது.

அவர்கள் செய்த சோதனை ஒன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. சுரங்கப் புகைவண்டிக் காட்சியொன்றைச் சித்திரமாகத் தீட்டி ஒருவருக்குக் காட்டினர். அதில் வெள்ளையர் ஒருவர் சவரக்கத்தியைக் கையில் வைத்தவாறு கறுப்பர் ஒருவரோடு பேசி நிற்கிறார். கண்டவர் அதனைக் காணாத ஒருவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, இவ்வாறு செய்தி வாய்மாறிச் சென்றது. இச்சித்திரத்தைக் கொண்டு நடத்திய சோதனைகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றில், இடையே எங்கோ ஓரிடத்தில், கத்தி கறுப்பரின் கைக்கு மாறிவிட்டது! ஒருவரும் பொய் சொல்ல எண்ணவில்லை. அவரவர் நெஞ்சில் முன்னரே இருந்த ஐயமே அக்கத்தியைக் கைமாற்றிற்று.

கலங்கிய கிணறுகள்

இக்கணக்கு ஏட்டில் எழுதப்படுவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, யப்பான் நாட்டில் அது குருதியால் எழுதப்பட்டிருந்தது.

1923ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி, நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், டோக்கியோ, யொக்கஹாமா நகரங்கள் அமைந்த கந்தோ சமவெளி பெரும் பூகம்பத்தால் அதிர்ந்தது. மதிய உணவுக்காக அடுப்புக்கள் எரிந்துகொண்டிருந்த நேரம் அது. மரத்தாலாகிய வீடுகள் சரிந்து அடுப்பின்மேல் வீழ, எழுந்த தீ இருநகரையும் தின்றது. மாண்டவர் ஏறத்தாழ 105,000 பேர். தந்தியும் தொலைபேசியும் அறுந்தன. தலைநகரின் செய்தித்தாள் நிலையங்களிற் பெரும்பாலன எரிந்தழிந்தன. வானொலி ஒலிபரப்போ யப்பானில் 1925இலேதான் தொடங்கிற்று. ஆகவே, உயிரச்சம் உச்சத்தில் நின்றது. தெளிவு சுழியத்தில் நின்றது.

"கொரியர் தீ வைக்கின்றனர், கிணறுகளில் நஞ்சு கலக்கின்றனர், திரண்டு வருகின்றனர்" என்னும் பேச்சு அன்று மாலையே கிளம்பிற்று. ஏன் கொரியர்? 1910இல் யப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1919இல் விடுதலை வேண்டி எழுந்த கொரிய மக்களைக் கடுமையாக ஒடுக்கிற்று. குறைந்த கூலிக்கு உழைக்க வந்த கொரியர் பல்லாயிரவர் யப்பானிய நகரங்களில் வாழ்ந்தனர். ஒருவனுக்குத் தீங்கிழைத்தவன், அவன் என்றேனும் பழிவாங்குவான் என்று உள்ளூர அஞ்சுதல் இயல்பு. அந்த அச்சம் நிலம் நடுங்குமுன்னரே அங்கு இருந்தது. பழம் வீழ்வதே எஞ்சியிருந்தது.

பழங்களும் பல வீழ்ந்தன. பூமி அதிர்ந்தாற் கிணற்று நீர் கலங்கும். கலங்கிய நீரை நஞ்சு என்றனர். எரியும் நகரில் வெடியோசை எழும். அதனை வெடிகுண்டு என்றனர். வீட்டுச் சுவர்களிற் சுண்ணக் கட்டியாற் கீறிய குறிகள் காணப்பட்டன. கொள்ளியிடவும் நஞ்சிடவும் பகைவர் இட்ட அடையாளம் என்றனர். பின்னர்ப் பொலிசார் ஆராய்ந்தபோது, அவை மலக்கூடத் துப்புரவுத் தொழிலாளர் போன்றோர் தங்கள் வேலைக்கு வசதியாக நெடுநாளாக இட்டுவந்த குறிகள் எனத் தெரிந்தது. நாடோறும் கண்முன் இருந்த ஒன்று, அச்சம் வந்த பின்னரே கண்ணிற் பட்டது!

வதந்தியைத் தடுக்கவேண்டிய அரசு செய்தது யாது? உள்நாட்டு அமைச்சின் பொலிஸ் தலைமை, கொரியர் தீவைக்கின்றனர் என்னும் அதே பேச்சைக் கடற்படையின் கம்பியில்லாத் தந்தி வாயிலாகச் செப்டெம்பர் 3ஆந் திகதி நாடெங்கும் அனுப்பிற்று. தெருவிற் பிறந்த பேச்சு அரச முத்திரையோடு தெருவுக்கே திரும்பிவந்தது. ஊர்தோறும் காவற் குழுக்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. மூங்கில் ஈட்டியும் வாளும் கொடுக்குக் கம்பியும் ஏந்தி வழிமறித்தன. கொரியரைத் துன்புறுத்தலாகாது என்று பிரதமர் அறிவித்தது 5ஆந் திகதியில். அதற்குள் பெருங்கொலை நடந்துவிட்டது. கொல்லப்பட்ட கொரியர் சில நூற்றுவர் என்றது அக்காலத்து அரச கணக்கு. கொரியர் தாமே எடுத்த கணக்கு ஆறாயிரத்துக்கு மேல் என்றது. சீனரும் கொல்லப்பட்டனர்.

நாவிற்கு வைத்த சோதனை

தமிழிலக்கணம் பயில்வோர் நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. முகத்தைக் கண்டு கொரியரையும் யப்பானியரையும் பிரித்தறிதல் அரிது. ஆகவே காவற்குழுவினர் நாவைச் சோதித்தனர். "பதினைந்து யென் ஐம்பது சென்" என்பதை யப்பானிய மொழியிற் சொல்லச் சொன்னார்கள். அத்தொடரில் சொல்லின் முதலில் ஒலிப்புடைய வல்லொலி வருகின்றது. கொரிய மொழியில் வல்லொலி சொல்லின் முதலில் ஒலிப்பின்றியே வரும். எனவே நா சற்றே பிறழ்ந்தவன் உயிரிழந்தான்.

நம் தமிழின் இயல்பும் அதுவே. 'பம்பரம்' என்னும் சொல்லின் முதற் பகரமும் இடைப் பகரமும் ஓசையால் வேறாதல் காண்க. இடையில் வரும் அவ்வோசை முதலில் வருதல் தமிழ் மரபன்று. 1983 ஆடிக் கலவரத்தின்போது இந்நாட்டு வீதிகளில் வழிமறிக்கப்பட்டோரிடம் வாளியைக் காட்டி, அதன் சிங்களப் பெயரைச் சொல்லுமாறு கேட்டனர். 'பால்திய' என்னும் அச்சொல்லின் முதற் பகரம், பம்பரத்தின் இடைப் பகரம்போல் ஒலிக்கவேண்டும். தமிழர் பலருக்கு அது வாராது. அச்சொல்லோ போர்த்துக்கேயரிடமிருந்து சிங்களம் பெற்ற கடன்! பிறர் தந்த சொல்லொன்றாலே அயலவனின் உயிரை அளந்தனர். மொழிநூலார் ஆராய்ந்து மகிழவேண்டிய ஓர் ஒலிவேற்றுமை, இரு நாடுகளில் கொலைக்கருவி ஆயிற்று.

இச்சோதனை தன்னினத்தாரையும் விட்டதில்லை. 1923 செப்டெம்பர் 6ஆந் திகதி, யப்பானின் சிபா மாகாணத்துப் புகுதா என்னும் கிராமத்தில், மருந்து விற்று ஊரூராகச் சென்ற பதினைந்து பேர் கொண்ட கூட்டம் மறிக்கப்பட்டது. அவர்கள் தென்மேற்கே சிக்கொக்கு தீவினர், யப்பானியரே. ஆயினும் அவர்களின் வட்டாரப் பேச்சு உள்ளூராருக்கு விளங்கவில்லை. குழந்தைகளும் கருவுற்ற பெண்ணும் உட்பட ஒன்பதின்மர் கொல்லப்பட்டனர். அச்சம் பகைவனைத் தேடிப் புறப்பட்டால் முடிவிற் சென்று நிற்பது சொந்த வீட்டு வாயிலில் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நமது நாட்டில்

தொலைநாட்டுக் கதை என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. 1958 மே மாதக் கலவரத்தைப் பற்றித் தார்ஸி வித்தாச்சி எழுதிய 'எமேர்ஜென்சி 58' என்னும் ஆங்கில நூல் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளது. மட்டக்களப்புப் பகுதிப் பாடசாலை ஒன்றிற் கற்பித்த பாணந்துறை ஆசிரியை ஒருவர் தமிழராற் சிதைத்துக் கொல்லப்பட்டார் என்ற பேச்சுப் பாணந்துறையிற் பரவிற்று. ஊர் கொதித்தது, கோயில் அர்ச்சகர் ஒருவர் உயிரோடு எரிக்கப்பட்டார். கல்வி அமைச்சு பின்னர் ஆராய்ந்தபோது, மட்டக்களப்புப் பாடசாலைகளிற் பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை எவருமே பணியாற்றவில்லை எனத் தெரிந்தது. ஆசிரியர் வரவுப் பதிவைப் புரட்டியிருந்தால் முடிந்திருக்கவேண்டிய ஒரு விடயம்! புரட்டுவதற்குள் எரித்துவிட்டார்கள்.

அறுபதாண்டு கழிந்து, 2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவர் நடத்திய உணவகத்துக் கறியிற் காணப்பட்ட கட்டியொன்றை மலடாக்கும் மாத்திரை என்றனர். கடைக்காரர் சிங்களம் நன்கறியாதவர். சூழ்ந்து நின்றோர் மிரட்டிக் கேட்டபோது, கேள்வி விளங்காமலே இசைந்து விடையளித்தார். அக்காட்சி கைத்தொலைபேசி வழியாக நாடெங்கும் பறந்தது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் அக்கட்டியைச் சோதித்துக் கண்டது மாவுப்பொருள். உணவிற் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கவல்ல மாத்திரை மருத்துவ உலகிலேயே இல்லை என்பதும் அறிவிக்கப்பட்டது. இங்கும் பழம் வீழுமுன்னரே அச்சம் இருந்தது. இங்கும் ஒரு மனிதனின் மொழி அவனுக்கு எதிர்ச்சாட்சி ஆயிற்று. முயலின் ஓட்டம் முன்பு காலால் நிகழ்ந்தது. இப்போது விரலால் நிகழ்கின்றது. வேகமொன்றே வேற்றுமை.

சிங்கம் செய்தது

இனி, சாதகக் கதையின் எஞ்சிய பகுதிக்கு வருவோம். கடலை நோக்கி ஓடும் விலங்குத் திரளை, அறிவுமிக்க சிங்கமொன்று கண்டது. "பூமி இடியும் ஓசையாக இஃது இருத்தல் இயலாது, எதனையோ தவறாகக் கேட்டுள்ளனர், யான் முயலாவிடின் அனைவரும் மடிவர்" என்று எண்ணி, முன்னே பாய்ந்து மலையடிவாரத்தில் நின்று மும்முறை முழங்கிற்று. கூட்டம் நின்றது. பின்னர்ச் சிங்கம் கேட்டது ஒரே கேள்வி: "பூமி இடிவதைக் கண்டவர் யார்?"

"யானைகள் அறியும்" என்றனர். யானைகளோ, "யாம் அறியோம், சிங்கங்கள் அறியும்" என்றன. சிங்கங்கள் புலிகளைக் காட்டின. புலிகள் காண்டாமிருகத்தைக் காட்டின. இப்படியே இறங்கி இறங்கி மான்களுக்கும், மான்களினின்று முயல்களுக்கும், முயல்களினின்று அந்த ஒரு முயலுக்கும் கேள்வி வந்து சேர்ந்தது. ஏணியில் ஏறிய வதந்தியை அதே ஏணியால் இறக்கிவிட்டது சிங்கம். அத்தோடு நில்லாது, முயலைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு அந்த வில்வமரத்தடிக்கே சென்றது. முயல் அணுக அஞ்சித் தூரத்தே நின்று இடத்தைக் காட்டிற்று. ஓலைமீது பழம் கிடந்தது.

இக்கதையில் சிங்கம் கூட்டத்தை இகழவில்லை. முயலைத் தண்டிக்கவும் இல்லை. நிறுத்திற்று, வினவிற்று, அழைத்துச் சென்று காட்டிற்று.

1923இல் யப்பானிலும் அத்தகையார் ஒருவர் இருந்தார். யொக்கஹாமா நகரின் சுருமி பொலிஸ் நிலையத் தலைவர் ஒக்காவா சுனேக்கிச்சி என்பவர். ஏறத்தாழ முந்நூறு கொரியரை அவர் தம் நிலையத்திற் காத்துவைத்தார். அவர்களை ஒப்படைக்குமாறு ஆயிரம்பேர் கொண்ட கூட்டம் நிலையத்தைச் சூழ்ந்தது. அவர்களைக் கொல்லுமுன் தம்மைக் கொல்லுமாறு கூறி அவர் எதிர்நின்றார். நஞ்சு என்று மக்கள் காட்டியதை அவர்கள் கண்முன்னே தாமே குடித்துக் காட்டினார் என்றும் அவ்வூரிற் சொல்லப்பட்டு வருகின்றது. கூட்டம் கலைந்தது. 1953இல் அவ்வூர்த் தோசென்ஜி கோவிலில் அவருக்கு நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது, நாட்டியவர்கள் கொரியர்.

அமைச்சின் தந்தி ஏந்திய அதே செய்தியே ஒக்காவாவின் காதுக்கும் வந்திருக்கும். அவர் மட்டும் கிணற்றடிக்குச் சென்று பார்க்கத் துணிந்தார். 'கண்டவர் யார்?' என்னும் கேள்வி அறிவினால் மட்டும் எழுவதன்று. திரண்டு நிற்கும் தன் மக்களின் சினத்துக்கு முன்னே அதனைக் கேட்பதற்கு நெஞ்சுரமும் வேண்டும்.

அஞ்சவேண்டுவதற்கு அஞ்சுதல்

அச்சமே கூடாதென்பது நம் கருத்தன்று. அஞ்சவேண்டியதற்கு அஞ்சாதிருத்தலை மடமை என்றே வள்ளுவரும் கண்டார். 2004 மார்கழி 26ஆந் திகதி கடல் பின்வாங்கியபோது, நம் கரைகளில் அதனை வேடிக்கை பார்க்கச் சென்று மாண்டோர் பலர். அதே காலையில் தாய்லாந்தின் புக்கெற் தீவுக் கடற்கரையில், பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, நீர் நுரைத்துப் பொங்கும் குறியைக் கண்டு "பேரலை வருகின்றது" என்று கூறிக் கரையிலிருந்தோரைக் காத்தாள். இரு கிழமைகளுக்கு முன் புவியியல் வகுப்பிற் கற்ற பாடம் அது. முயலும் சிறுமியும் கூவியது ஒன்றுபோலத் தோன்றலாம். சிறுமியோ தன் கண்ணாற் கண்டு, கற்றதோடு ஒப்பிட்டுக் கூவினாள். முயல் தான் முன்பே அஞ்சியதைக் காதாற் கேட்டதாக எண்ணிக் கூவிற்று. இவ்வேற்றுமையைக் கற்பித்தலே ஆசிரியர் கடன்.

ஆதலின், கலக்கமூட்டும் செய்தியொன்று நம்மை வந்தடையும்போது, அதனை அடுத்தவருக்கு அனுப்புமுன் நான்கு வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. முதலாவது, இதனைத் தன் கண்ணாற் கண்டவர் யார்? கேட்டவர் ஆயிரவராயினும் அவர் சாட்சியாகார். இரண்டாவது, இது யாரை வெறுக்கச் சொல்கின்றது? வெறுப்பதற்கு முன்பே நாம் ஆயத்தமாயிருந்த ஒருவரை அது காட்டுமாயின், கத்தி கைமாறியுளதோ என்று இருமடங்கு ஐயுறுதல் வேண்டும். மூன்றாவது, இதற்கு இயற்கையான காரணம் உண்டா? நிலம் அதிர்ந்தாற் கிணறு கலங்கும் என்று அறிந்தவன் நஞ்சைத் தேடமாட்டான். நான்காவது, ஓர் இரவு பொறுத்தால் வரும் கேடு யாது? தீயும் வெள்ளமும் பொறா. உண்மையான இடர்க்கு எச்சரிக்கை உடனே வேண்டும். ஆயின் ஒரு சாதியாரையோ சமயத்தாரையோ பற்றிய குற்றச்சாட்டு ஓர் இரவு பொறுத்தால் கெட்டுப்போவதில்லை. பொறுக்க முடியாதது பெரும்பாலும் பொய்யே.

அதிகாரத்தில் இருப்போருக்கும் ஒரு சொல். தெளிவின்மை வளர்ந்த பின்னர் வதந்தியைத் தண்டித்தலிற் பயன் சிறிது. முதல் நாளே உண்மையை முழுமையாகவும், மக்கள் பேசும் எல்லா மொழிகளிலும் கூறுதல் வேண்டும். தனக்கு விளங்காத மொழியில் ஓர் அறிவிப்பைக் கேட்பவனுக்கு அதுவும் ஓலைமீது வீழ்ந்த ஓசையே. அயலவன் மொழியில் நூறு சொல்லேனும் அறிந்த மாணாக்கன், அம்பாறைக் கடையில் நின்றிருப்பின், "அவருக்குக் கேள்வி விளங்கவில்லை" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருப்பான். அந்த ஒரு வாக்கியம் அன்று அங்கே இல்லாமற் போயிற்று. நம் வகுப்பறைகளிலிருந்து அதனைச் சொல்லவல்ல பிள்ளைகள் வெளிச்செல்வாராக.